"செட்டிங்ஸ் என்ன ப்ரோ?": பிறர் படங்களைப் பார்த்துப் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நல்ல படம் ஒன்று இணையத்தில் வந்தால் போதும், "செட்டிங்ஸ் என்ன ப்ரோ?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். புதிதாகக் கேமரா பிடிப்பவர்கள் வரிசையாக அதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பேட்டரிக்குச் சார்ஜ் போடாமல் கிளம்புவது போன்றவற்றை இங்கே விட்டுவிடலாம், ஒருமுறை பட்டால் தானாகச் சரியாகிவிடும்.

எண்களைக் காப்பியடிப்பது

ஃப்ளிக்கர், விக்கிமீடியா காமன்ஸ் தளங்களில் பல படங்களுக்குக் கீழே எக்ஸிஃப் விவரம் (கேமராவே கோப்பில் பதியும் குறிப்பு) இருக்கும்: அபெர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு, எஃப்/11 என்பதுபோல் எழுதுவது), ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்), லென்ஸ். அன்றைக்கு அங்கே இருந்த வெளிச்சத்துக்குப் போட்ட கணக்கு அது. உங்கள் வெளிச்சத்துக்குச் செல்லாது.

அருவி மெத்தென்று வழியும் படம் ஒன்று. ½ விநாடி, எஃப்/11, ஐஎஸ்ஓ 100. அதையே குற்றாலத்தில் நடுப்பகல் வெயிலில் வைத்தால் படம் முழுக்க வெள்ளை. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/16 என்றால் ஷட்டர் ஏறத்தாழ 1/100; எஃப்/11 என்றால் 1/200. ½ விநாடி என்பது அதைப்போல 100 மடங்கு, அதாவது ஆறரை ஸ்டாப் அதிகம் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு). எடுத்தவர் விடியற்காலை நிழலில் எடுத்திருப்பார், அல்லது ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டர், 6 ஸ்டாப் அளவில், மாட்டியிருப்பார். ஃபில்டர், ட்ரைபாட், பக்கத்தில் ஒருவர் ஒளியைத் திருப்பப் பிடித்த ரிஃப்ளெக்டர் எதுவும் எக்ஸிஃபில் ஏறாது. கேமராவுக்கு வெளியே வைத்து, சாதாரண ட்ரிகரில் அடித்த ஃப்ளாஷைக்கூட "ஃப்ளாஷ் இல்லை" என்று காட்டக்கூடும்.

காசு கரைவது லென்ஸில். போர்ட்ரெய்ட்டின் கீழே "85 மி.மீ., எஃப்/1.4" என்று பார்த்ததும் அதையே வாங்குகிறார்கள். படம் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவில் எடுத்தது. இவர்கள் கையில் இருப்பதோ சென்சார் சிறிதான ஏபிஎஸ்-சி (க்ராப்) கேமரா. நிற்கும் ஆளை முழுதாக எடுக்க ஃபுல் ஃப்ரேமில் சுமார் 14 அடி தள்ளி நின்றால் போதும். 1.5 மடங்கு சிறிய க்ராப் சென்சாரில் 21 அடி வேண்டும். மணமகள் அறையில் 21 அடிக்கு எங்கே போவது? சுவரோடு ஒட்டி நின்றாலும் இடுப்புவரைதான் வரும். அடுத்த மாதம் அந்த லென்ஸ் 'விற்பனைக்கு' என்று வந்து நிற்கும். அதே கோணம் வேண்டுமானால் 56 மி.மீ. அளவு போதும், மலிவான 50 மி.மீ. எஃப்/1.8 கிட்டத்தட்ட அங்கே கொண்டுவிடும்.

ஃபோகஸ் ஆழமும் (தெளிவாக விழும் பகுதியின் தடிமன்) தொல்லைதான். 85 மி.மீ. எஃப்/1.4இல், 2 மீட்டர் தூரத்தில், க்ராப் சென்சாருக்குக் கிடைப்பது சுமார் 3 செ.மீ. முகம் சற்றே திரும்பினால் ஒரு கண் தெளிவு, மறு கண் மங்கல்.

எண்களை விட்டுவிட்டு முகத்தைப் பெரிதாக்கிக் கண்ணுக்குள் பாருங்கள். ஒளிப்புள்ளி கட்டமாக இருந்தால் ஜன்னல் அல்லது சாஃப்ட்பாக்ஸ் (துணி மூடிய விளக்குப் பெட்டி). வளையமாக இருந்தால் ரிங் லைட். கடிகாரத்தின் பத்து மணி இடத்தில் இருந்தால் ஒளி நமக்கு இடப்பக்கம், மேலிருந்து. பிறகு மூக்கின் நிழல்: ஓரம் கோடு போட்டதுபோல் இருந்தால் விளக்கு சிறியது அல்லது தூரத்தில் இருக்கிறது, கரைந்து மறைந்தால் பெரியது, அருகில் இருக்கிறது. கேட்டாலும் பலர் சொல்லாத விவரம் இது, படத்திலேயே கிடக்கிறது.

தேறிய ஒன்றை மட்டும் பார்ப்பது

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டோரத்தியா லாங்கே 1936இல் கலிஃபோர்னியாவின் நிபோமோவில் எடுத்த 'மைக்ரன்ட் மதர்' (பிழைப்புத் தேடிப் போன ஒரு தாயும் பிள்ளைகளும்) எல்லோருக்கும் தெரியும். அதே தாயை அதே இடத்தில் எடுத்த மற்ற ஃப்ரேம்களும் அமெரிக்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்தில் பெரிய அளவில் இலவசமாகக் கிடைக்கின்றன. கூடாரம் தெரியத் தள்ளி எடுத்ததையும் புகழ்பெற்றதையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பாருங்கள். இரண்டாவதில் கூடாரம் அநேகமாக இல்லை. இரண்டு பிள்ளைகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பதால் பார்வை தாயை விட்டு நகர வழியில்லை. எதை வெளியே தள்ளினார் என்பது ஒற்றைப் படத்தில் தெரியாது.

போன் திரையில் ஷார்ப்னெஸ் பார்ப்பது

இன்ஸ்டாகிராமில் படம் சுமார் 1080 பிக்சல் அகலத்துக்குச் சுருங்குகிறது. அந்த அளவில் கை ஆட்டமும் நாய்ஸும் (புள்ளி புள்ளியான கரடுமுரடு) ஒளிந்துகொள்ளும். காமன்ஸில் மூலக் கோப்பைத் திறந்து 100 சதவீதத்தில் பாருங்கள்.

ப்ரீசெட் (ஒரே தட்டில் படத்தின் நிறத்தை மாற்றும் தயார் எடிட்டிங் அமைப்பு) வாங்குவது

வேண்டாம்.

சேவ் செய்து குவிப்பது

வாரத்துக்கு ஒரு படம் போதும். ஒளி எந்தப் பக்கம், கேமரா எந்த உயரம், ஆளுக்கும் பின்னணிக்கும் எவ்வளவு தூரம் என்று மூன்று வரி எழுதிவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டு ஜன்னலோரம் யாரையாவது உட்காரவைத்து எடுத்துப் பாருங்கள்.