ஃப்ரட்டர்னிட்டி வரலாறு எழுதப் போகிறீர்களா? இந்தத் தவறுகளை நான் ஏற்கெனவே செய்துவிட்டேன்

செப்டம்பர் மூன்றாவது வாரம் ஆனால் போதும், அவர்கள் வந்துவிடுவார்கள். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டாமாண்டு மாணவர்களுக்கு அங்கே ஒரு பாடப்பணி உண்டு. ஃப்ரட்டர்னிட்டி, சொராரிட்டி வாழ்க்கை தாத்தா காலத்திலிருந்து பேரன் காலம்வரை எப்படி மாறியது என்று எழுத வேண்டும். பழைய பெட்டிகளைப் புரட்டுவார்கள், மூத்தவர்களைப் பேட்டி எடுப்பார்கள். பதினைந்து வருடத்துக்கு முன் நான் சறுக்கிய அதே இடங்களில் வரிசையாகச் சறுக்குவார்கள்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: இவை கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்ட மாணவர் சங்கங்கள். ஆண்களுக்கு ஃப்ரட்டர்னிட்டி, பெண்களுக்கு சொராரிட்டி. அவர்களாகக் கூப்பிட்டால்தான் சேர முடியும், சேர்ந்தால் ஆயுசுக்கும் உறுப்பினர். பல சங்கங்களுக்குக் கல்லூரியை ஒட்டிச் சொந்த வீடே இருக்கும். நியூயார்க் மாநிலம் ஸ்கெனெக்டடியில் உள்ள யூனியன் கல்லூரியில் 1825-இல் கப்பா ஆல்ஃபா சங்கம் தொடங்கியதிலிருந்து கணக்கு வைத்தால் இருநூறு வருடக் கதை.

பெயரைத் தப்பாக எழுதுவது, ரெக்கார்டரை ஆன் செய்ய மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை பட்டால் தானே சரியாகிவிடும். பட்டும் சரியாகாதவை வேறு இருக்கின்றன.

பழைய சொல்லுக்கு இன்றைய அர்த்தம் கொடுப்பது

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் ஒரு ஃப்ரட்டர்னிட்டியின் நூற்றாண்டுக்குக் கண்காட்சி வைத்தோம். பெட்டியில் 1913-ஆம் ஆண்டுப் புகைப்படம் ஒன்று இருந்தது. வீட்டுப் படிக்கட்டில் கோட்டு போட்ட பையன்கள், வெள்ளை உடையில் பெண்கள், ஓரத்தில் கறுப்பு உடையில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. படத்தின் பின்பக்கம் பென்சிலில் 'ஹவுஸ் பார்ட்டி' என்று எழுதியிருந்தது. நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. 'கூத்தும் கும்மாளமும் அன்றும் உண்டு' என்று தலைப்பு போட்டேன். ஓரத்தில் நின்றவரை 'வீட்டுச் சமையல்காரர்' என்று எழுதினேன். கறுப்பு உடை, ஒதுங்கி நிற்கிறார், வேறு யாராக இருப்பார் என்ற மேதாவித்தனம்.

திறப்பு விழாவுக்கு எண்பது வயதுப் பெண்மணி ஒருவர் வந்திருந்தார். அந்தப் பலகை முன் வெகுநேரம் நின்றுவிட்டு, என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "அவருக்கு முட்டை அவிக்கக்கூடத் தெரியாது. அவர் என் பாட்டி."

பாட்டி ஒரு கணிதப் பேராசிரியரின் மனைவி. அன்றைக்கு 'ஷாப்பரோனாக', அதாவது பெண்பிள்ளைகளுக்குக் காவலாக வந்தவர். அந்தப் படத்தில் இருந்தவர்களிலேயே அதிகாரம் உள்ள ஆள் அவர்தான்.

மூன்று பலகைகளை மறுபடி அச்சிட்டோம். விருந்தினருக்குக் கொடுக்க வைத்திருந்த 400 கையேடுகளில் திருத்தச் சீட்டை நானே உட்கார்ந்து ஒட்டினேன், இரண்டு சனிக்கிழமை. செலவு துறையுடையது, திட்டு என்னுடையது. கோந்து வாசனை வந்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

நூறு வருடத்துக்கு முன் ஹவுஸ் பார்ட்டி என்றால் என்ன? டார்ட்மத், ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ் மாதிரி ஆண்கள் மட்டும் படித்த கல்லூரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்கள் ரயிலேறி வருவார்கள், வெள்ளி வந்தால் ஞாயிறு போவார்கள். அவர்கள் எங்கே தங்குவது? ஃப்ரட்டர்னிட்டி வீட்டிலேயேதான். பையன்கள் தங்கள் அறைகளை ஒழித்துக் கொடுத்துவிட்டு வேறெங்காவது போய்ப் படுப்பார்கள். பெண்களோடு ஷாப்பரோனும் அதே வீட்டில் தங்குவார். வீடே அந்த மூன்று நாள் பெண்களுடையது, அதனால்தான் அது 'ஹவுஸ்' பார்ட்டி. யாரும் குடிக்கவில்லை என்று நான் சொல்லவரவில்லை. மதுவிலக்கு இருந்த 1920 முதல் 1933 வரைகூட ஃப்ரட்டர்னிட்டி வீடுகளுக்குள் சரக்கு வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அந்தச் சொல் குறித்தது குடியை அல்ல, தங்கலை.

அந்தக் காலத்து நடன அட்டை ஒன்றை மாணவர்கள் கையில் நானே வைத்துக் காட்டுவேன். உள்ளங்கை அளவு. மடிப்பில் பட்டு நூல், நூலின் நுனியில் தீக்குச்சி கனத்தில் ஒரு பென்சில். உள்ளே 1, 2, 3 என்று எண்ணிட்ட நடனங்கள், வால்ட்ஸ், டூ ஸ்டெப் என்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கோடு, கூட ஆடப்போகிறவன் பெயரை எழுத. ஒரு மாலை முழுக்க ஒரே பையனுடன் ஆடமுடியாதபடி அட்டையே பார்த்துக்கொள்ளும். முன்பக்கத்தில் ஷாப்பரோன்களின் பெயர் அச்சாகியிருக்கும். என் கண்காட்சிப் பெட்டியிலும் அப்படி ஓர் அட்டை இருந்தது, அதில் அந்தப் பாட்டியின் பெயரும் இருந்தது. நான் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இவ்வளவு சொல்லியும் போன வருடம் ஒரு பையன் 1916 ஹவுஸ் பார்ட்டியைப் பற்றி 'கட்டுப்பாடற்ற கொண்டாட்டம்' என்று எழுதிக்கொண்டு வந்தான். அட்டையைக் கையில் கொடுத்து எண்ணச் சொன்னேன். காவலுக்கு வந்த தம்பதிகள் மட்டும் நான்கு.

இதே வலையில் விழவைக்கும் சொற்கள் இன்னும் உண்டு. 'ஸ்மோக்கர்' என்றால் புதுப் பையன்களை அழைத்து சுருட்டும் சிகரெட்டும் கொடுத்துப் பேசிப் பார்க்கும் மாலை. 'பின்' கொடுத்தான் என்றால் தன் சங்கத்தின் சட்டை ஊசியை அவளுக்குக் கொடுத்துவிட்டான், கிட்டத்தட்ட நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய படி. 1950-களில் அதற்காகவே சங்கத்துப் பையன்கள் கூடி வந்து பெண்ணின் ஜன்னலுக்குக் கீழே பாடுவார்கள். 'சொராரிட்டி' என்ற சொல்லே 1882-இல்தான் வந்தது. சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் காமா ஃபை பீட்டா பெண்களுக்காக ஒரு லத்தீன் பேராசிரியர் சொன்னது. அதனால் 1870-இல் தொடங்கிய கப்பா ஆல்ஃபா தீட்டாவின் ஆரம்பகாலக் கடிதங்களில் அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. அவர்கள் தங்களையும் ஃப்ரட்டர்னிட்டி என்றே சொல்லிக்கொண்டார்கள். 'பெண்கள் சங்கம் பற்றி ஒன்றுமே இல்லை' என்று பெட்டியைத் திருப்பிக் கொடுத்த மாணவர்களை நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

எல்லாவற்றையும் 1984 சட்டத்தின் தலையில் கட்டுவது

மாணவர் கட்டுரைகளில் தவறாமல் வரும் வாக்கியம்: '1984-இல் குடிக்கும் வயதை 21 ஆக்கினார்கள், எல்லாம் மாறியது.' சட்டம் உண்மை. ரீகன் கையெழுத்திட்டார். 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் வெட்டு என்றதும் 1988-க்குள் எல்லா மாநிலங்களும் வழிக்கு வந்தன. ஆனால் அது மூன்றாவது அங்கம். முதலிரண்டைப் பார்க்காமல் நாடகம் புரியாது.

1960-கள் வரை கல்லூரி தன்னைப் பெற்றோர் ஸ்தானத்தில் வைத்துக்கொண்டது. 1961-இல் அலபாமா வழக்கு ஒன்றில் மாணவர்களை விசாரிக்காமல் நீக்கக்கூடாது என்று தீர்ப்பு வந்த பிறகு அந்த ஸ்தானம் ஆட்டம் கண்டது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஷாப்பரோன், பெண்கள் இரவில் இத்தனை மணிக்குள் திரும்பவேண்டும் என்ற கட்டுப்பாடு எல்லாம் கழன்று விழுந்தன. 1971-இல் வாக்குரிமை வயது 18 ஆனதும் பல மாநிலங்கள் குடிக்கும் வயதையும் இறக்கின. எழுபதுகளில் படித்தவர்கள் பீப்பாய் பீரைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசுவது அதனால்தான், பலருக்கு அது சட்டப்படியான பீர்.

பிறகு 21 வந்தது. பத்தொன்பது வயதுக்காரன் பாருக்குள் போகமுடியாது, ஃப்ரட்டர்னிட்டி வீட்டுக்குள் போகலாம். குடி குறையவில்லை, கதவு மட்டும் மாறியது என்பது என் கருத்து. விபத்தும் வழக்கும் பெருக, காப்பீடு கொடுக்கவே ஆளில்லாமல் போனது. 1987-இல் பல ஃப்ரட்டர்னிட்டிகள் சேர்ந்து காப்பீடு வாங்க ஒரு குழு அமைத்தன. விருந்தினர் பட்டியல், கைப்பட்டை, பீப்பாய்க்குத் தடை, உரிமம் உள்ள வெளியாள்தான் ஊற்றவேண்டும் என்ற வகை விதிகளெல்லாம் காப்பீட்டுப் பத்திரத்தின் வழியாகவே வந்தன. பெரும்பாலான ஃப்ரட்டர்னிட்டிகளின் கூட்டமைப்பு 2019 செப்டம்பரிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள மதுவை வீடுகளில் தடுத்தது. மாணவர்கள் சட்டப் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். நான் காப்பீட்டு ஃபைலைக் கேளுங்கள் என்கிறேன். சலிப்பூட்டும் காகிதம்தான், ஆனால் ஒரு விதி ஏன் வந்தது என்பது அதில்தான் இருக்கும்.

பெண்கள் சங்கத்தை ஆண்கள் சங்கத்தின் நகலாக எழுதுவது

பெரும்பாலான சொராரிட்டி வீடுகளில் மது கிடையாது. தேசிய சங்கங்களே போட்டுக்கொண்ட விதி அது. அதனால் விருந்து நடப்பது பெரும்பாலும் பையன்கள் வீட்டில், அவர்கள் கதவில், அவர்கள் ஊற்றிக் கொடுப்பதில். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கட்டுரை தானே எழுதிக்கொள்ளும்.

பாட்டிகளிடம் 'விருந்து எப்படி இருந்தது' என்று கேட்காதீர்கள். 'எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும்' என்று கேளுங்கள். வாரநாளில் பத்து, பத்தரை. வெளியே போகும்போது நோட்டில் கையெழுத்து, எங்கே போகிறாய், யாருடன். தாமதமானால் வீட்டுப் பொறுப்பாளரான ஹவுஸ் மதர் வாசலில் நிற்பார். 1958-இல் படித்த ஒருவர், ஐந்து நிமிடத் தாமதத்துக்காக ஒரு வார இறுதி முழுக்க அறையில் கிடந்ததை என்னிடம் நாற்பது நிமிடம் சொன்னார். அதே வருடம் அவர் கணவர் இருந்த வீட்டில் கையெழுத்து நோட்டே கிடையாது.

'இத்தனை பெண்கள் சேர்ந்து இருந்தால் விபச்சார விடுதி என்று சட்டம்'

சில கல்லூரிகளில் சொராரிட்டி வீடு இல்லாததற்கு இப்படிக் காரணம் சொல்வார்கள். அப்படி ஒரு சட்டம் இல்லை. கட்டுக்கதை.

பெரிய வீடுகளை மட்டும் பார்ப்பது

தூண்கள் வைத்த வெள்ளை வீடுகளின் காகிதங்கள் எங்களிடம் குவிந்து கிடக்கின்றன. அதனால் மாணவர்கள் அதையே முழு வரலாறாக எழுதிவிடுகிறார்கள். கறுப்பின மாணவர்களின் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா 1906-இல் கார்னெலில் தொடங்கியது, ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா 1908-இல் வாஷிங்டனில் உள்ள ஹவார்ட் (Howard) பல்கலைக்கழகத்தில். 1913 ஜனவரியில் அதே ஹவார்டில் தொடங்கிய டெல்டா சிக்மா தீட்டா பெண்கள், மார்ச் 3 அன்று வாஷிங்டனில் பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் நடந்தார்கள். சங்கத்துக்கு வயது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இவர்களில் பலருக்கு வீடு கிடையாது, வாடகை மண்டபம்தான். பட்டம் வாங்கியபின்னும் பட்டதாரிக் கிளைகளில் வேலை தொடரும். கைதட்டியும் காலால் தாளமிட்டும் குழுவாக ஆடும் அவர்களது ஸ்டெப் நடனத்தை 'பார்ட்டி' பகுதியில் ஒரு பத்தியாகச் செருகுவது பெரிய அபத்தம்.

மற்ற பக்கத்தில், இன ஒதுக்கல் வெறும் 'அந்தக் கால வழக்கம்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. வழக்கமில்லை, பல சங்கங்களின் விதிப்புத்தகத்தில் அச்சிலேயே இருந்தது. ஆம்ஹர்ஸ்டில் 1948-இல் ஒரு கறுப்பின மாணவரைச் சேர்த்த கிளையை அதன் தேசியச் சங்கம் வெளியேற்றியது. விதியை அடித்துவிட்டதால் விஷயம் முடிந்தது என்பதும் இல்லை. அலபாமா பல்கலைக்கழகத்தின் வெள்ளையர் சொராரிட்டிகள் கறுப்பினப் பெண்களை ஒதுக்குவதை மாணவர் நாளிதழ் அம்பலப்படுத்தியது 2013-இல்.

தாத்தா சொன்னதை அப்படியே எழுதுவது

1964-இல் பட்டம் வாங்கிய ஒருவர், "வாராவாரம் வேட்டி மாதிரி போர்வையைச் சுற்றிக்கொண்டு டோகா பார்ட்டி" என்றார். மாணவி ஆர்வமாக எழுதிக்கொண்டாள். அந்த வீட்டின் கூட்டக் குறிப்புகள் எங்களிடம் உள்ளன. நான்கு வருடத்தில் ஒரு டோகாவும் இல்லை. 1962-இல் நடப்பதாகக் காட்டி 1978-இல் வந்த ஒரு நகைச்சுவைப் படம், அமெரிக்கா முழுக்க டோகாவைக் கட்டவைத்தது. தாத்தா பொய் சொல்லவில்லை. படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறார். யார் பணம் கொடுத்தார்கள், என்ன உடுத்தினீர்கள் என்று கேட்டால் அவருடைய சொந்த ஞாபகம் வெளியே வரும்.

2015-க்குப் பிந்தைய ஆல்பத்தைத் தேடுவது

இருக்காது. எல்லாம் ஃபோனில், பாதி அழிக்கப்பட்டு.

சடங்கைக் கேட்பது

உறுப்பினராக்கும் சடங்கு ரகசியம். கேட்டால் பேட்டி அங்கேயே முடிந்தது.

இந்த வருடம் வந்தவர்களில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். 1990-களில் தெற்காசிய மாணவர்கள் தங்களுக்கென்று சங்கங்கள் தொடங்கினார்கள். ஆஸ்டினில் 1998-இல் தொடங்கிய கப்பா ஃபை காமா அவற்றில் ஒன்று. இவள் அம்மா அப்படி ஒரு சொராரிட்டியில் இருந்தவர். "அம்மா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறா ஆன்ட்டி, சீக்ரெட்டாம்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். என்னம்மா கேட்டாய் என்றேன். சடங்கைத்தான் கேட்டிருக்கிறாள். போய், விருந்தன்றைக்குச் சாப்பாடு யார் செய்தார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு வா என்று அனுப்பினேன்.

திங்கட்கிழமை வந்தாள். ஒன்றரை மணி நேரப் பதிவு. மண்டபத்துக்கு முன்பணம் கட்ட ஆளுக்கு இருபது டாலர் வசூல். நாற்பது பேருக்குத் தயிர்சாதம் கிளற யாரோ ஒருத்தியின் அம்மாவிடம் கடன் வாங்கிய அண்டா. ஒன்பது மணிக்கு ஃபோன் செய்த அப்பாவிடம், லைப்ரரியில் படித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னது. அந்த அண்டாவை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லையாம்.