ஒன்லைன் சூதாட்ட விசாரணைக்குப் பொலிஸ் கடிதம் வந்தால்: சாட்சியாகப் பதில் கொடுப்பது எப்படி?

தோட்டத்தில் ஒரு வீட்டுக்குப் பொலிஸ் கடிதம் வந்தால், பிரித்துப் படிப்பதற்கு முன்பே லயம் முழுக்கக் கதை போய்விடும். சூதாட்டக் கேஸ் என்றால் கேட்கவே வேண்டாம். ஒன்லைன் சூதாட்டம், இணைய மோசடி விசாரணைகளில் பொலிஸார் முதலில் பிடிப்பது பணம் போன வழியைத்தான். 2024 இல் நீர்கொழும்பு, மடிவெல, பத்தரமுல்லைப் பக்கம் இணைய நிதி மோசடி தொடர்பில் வெளிநாட்டவர்கள் கூட்டமாகப் பிடிபட்டது நினைவிருக்கும். இப்படியான வலைகளுக்கு உள்ளூர்க் கணக்குகளும் சிம்களும் தேவை. ஆகவே கொழும்பில் நடக்கும் விசாரணைக்கு மஸ்கெலியாவில் உள்ள ஒருவரின் வங்கிக் கணக்கைத் தேடி வருவது ஒன்றும் அதிசயமில்லை.

சரி, கடிதம் கையில் இருக்கிறது. இனி என்ன செய்வது?

முதலில், கடிதம் உண்மையானதா என்று பாருங்கள்

எந்தப் பொலிஸ் நிலையம் அல்லது பிரிவு, யார் கையெழுத்து, என்ன இலக்கம், எந்தத் திகதி எத்தனை மணிக்கு, என்ன விஷயம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். சிங்களத்தில் மட்டும் இருந்தால், நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு வரிக்கு வரி வாசிக்கச் சொல்லுங்கள். "என்னவோ கூப்பிட்டிருக்காங்க" என்ற அளவில் விட்டுவிட வேண்டாம். சாட்சியாக அழைக்கிறார்களா, சந்தேகநபராகவா என்பது அந்த வரிகளில்தான் இருக்கும்.

வட்ஸ்அப்பில் மட்டும் ஒரு கடிதம் வந்து, கேஸை முடிக்கப் பணம் போடச் சொன்னால் அது மோசடி. வாக்குமூலம் கொடுக்க எந்தச் சாட்சியும் காசு கட்டத் தேவையில்லை. கடிதத்தில் உள்ள கைபேசி எண்ணை நம்பாமல், நிலையத்தின் தரைவழி எண்ணைத் தேடி எடுத்துப் பேசுங்கள். ஹட்டன் பக்கம் 051, நுவரெலியா 052, பதுளை 055, பண்டாரவளை 057 என்று தொடங்கும். இலக்கத்தைச் சொல்லி, "இப்படி ஒரு கடிதம் நீங்கள் அனுப்பியதா?" என்று கேட்டால் போதும்.

திகதி கடந்துவிட்டதா?

மலைநாட்டில் இது பெரிய தலைவலி. பல தோட்டங்களில் தபால் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கே ஒரு மூலையில் கிடந்து, யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு. பதினைந்தாம் திகதி வரச் சொன்ன கடிதம் இருபதாம் திகதி கைக்கு வரும். அதற்காக ஒளிந்துகொள்ளக் கூடாது. தபால் முத்திரை தெரியும் உறையைக் கிழிக்காமல் வையுங்கள். நிலையத்துக்கு அன்றே கோல் எடுத்து, பேசியவரின் பெயரையும் பதவியையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு சின்னக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். கடிதம் இவ்வளவு போதும்:

"பொறுப்பதிகாரி அவர்களுக்கு,
உங்கள் ... இலக்கக் கடிதம் ... திகதி எனக்குக் கிடைத்தது. அழைத்த திகதி அதற்கு முன்பே கடந்திருந்ததால் வர முடியவில்லை. வாக்குமூலம் அளிக்க நான் தயார். ... அல்லது ... திகதி வரலாம். தமிழில் வாக்குமூலம் பதிவுசெய்ய ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.
பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், முகவரி, தொலைபேசி."

இதில் நடந்த கதையை எழுதப் போகாதீர்கள். யார் விளையாடினார், எவ்வளவு தோற்றார் என்பதெல்லாம் நேரில் சொல்ல வேண்டியவை. கொழும்புக்கு வரச் சொல்லியிருந்து, போனால் இரண்டு நாள் பேர் (நாட்சம்பளம்) போகும் என்ற நிலை என்றால், பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் கொடுக்க முடியுமா என்று அதே கடிதத்தில் ஒரு வரி சேர்க்கலாம். கேட்பதில் நட்டமில்லை.

உங்கள் கணக்கு சம்பந்தப்பட்டிருந்தால்

இங்கேதான் நிதானம் வேண்டும். "ஏ.டி.எம். அட்டையையும் பின் நம்பரையும் தா, மாதம் ஒரு தொகை தருகிறேன்" என்று கொழும்பில் வேலை செய்யும் உறவுக்காரப் பையன் கேட்க, கொடுத்துவிட்டு மறந்தவர்கள் இருக்கிறார்கள். கடிதத்தில் "சாட்சி" என்று இருந்தாலும், அந்தக் கணக்கு வழியாகப் பணம் ஓடியிருந்தால் உங்கள் நிலை மாறக்கூடும். 2006 ஆம் ஆண்டின் பணம் தூயதாக்கல் தடைச் சட்டம் வரை கேள்வி போகலாம். அதனால் நிலையத்துக்குப் போகுமுன் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். கையில் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. சட்டத்தரணி உங்களுக்காகப் பொலிஸ் நிலையத்துக்கு வரவும் 2012 ஆம் ஆண்டின் விதிகள் இடம் தருகின்றன.

வங்கியில் கணக்குக் கூற்றை எடுத்து, உங்களுக்குத் தெரியாத வரவுகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். வட்ஸ்அப் பேச்சு, கோல் பட்டியல், பண வைப்புச் சீட்டு எதையும் அழிக்காதீர்கள். அழித்தது தெரிந்தால், ஒன்றும் செய்யாதவர்கூட சந்தேகத்துக்கு ஆளாவார். அந்த உறவுக்காரருக்கு கோல் எடுத்து "நான் என்ன சொல்லட்டும்?" என்று கேட்பதும் வேண்டாம்.

வாக்குமூலம் கொடுக்கும்போது

தமிழும் அரசகரும மொழி. தமிழில் பேசுவது உங்கள் உரிமை, யாரிடமும் சலுகை கேட்பதாக நினைக்க வேண்டாம். அரைகுறைச் சிங்களத்தில் சமாளிப்பது இந்த இடத்தில் ஆபத்து. "காசு அனுப்பச் சொன்னார்" என்பது "காசு அனுப்பினேன்" என்று பதிவாகிவிட்டால் பிறகு நீங்கள்தான் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைப்படி, எழுதியதை உங்களுக்குக் காட்ட வேண்டும், அல்லது வாசிக்க வேண்டும், அல்லது உங்களுக்கு விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். திருத்தவும் சேர்க்கவும் உங்களுக்கு இடமுண்டு. கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களையே குற்றச்சாட்டில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லக் கட்டாயமில்லை.

கண்டதைக் கண்டேன் என்றும் கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டேன் என்றும் பிரித்துச் சொல்லுங்கள். தெரியாததற்கு "தெரியாது" என்பதே பதில். கையெழுத்து கடைசி வரிக்கு நேர் கீழே வர வேண்டும். இடையில் வெற்றிடம் இருந்தால் கோடு போடச் சொல்லுங்கள். வாசித்துக் காட்டாமல் "சும்மா ஒரு சைன்தானே" என்றால், பணிவாக, "ஐயா, ஒருக்கா தமிழில் சொல்லிவிடுங்கள்" என்று கேளுங்கள். போனை வாங்கி வைத்தால், என்ன போன், எப்போது எடுத்தார்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

அப்புறம்

வாக்குமூலம் கொடுத்தபின் யாராவது மிரட்டினால், அதுவே தனிக் குற்றம். 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் சாட்சிகளுக்குப் பாதுகாப்புத் தருகிறது. அவசரம் என்றால் 119. பொலிஸ் நிலையத்திலேயே மோசமாக நடத்தப்பட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 ஐ அழைக்கலாம்.

நீதவான் நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தால் அது வேறு விஷயம். வராவிட்டால் பிடியாணை வரை போகும், ஆகவே அந்தத் திகதியைத் தவறவிடக் கூடாது. அன்று நீதிமன்றத்துக்கு வந்ததற்கு ஒரு கடிதம் கேட்டு வாங்கினால், தோட்ட அலுவலகத்தில் லீவுக்குக் காட்டலாம்.