சீர்திருத்தக் கோரிக்கையைச் சபையின் பேரவைக்குக் கொண்டுசெல்வது எப்படி?

கத்தோலிக்கத் துறவற சபைக்குள் எழும் மாற்றுக் கருத்து பெரும்பாலும் சாப்பாட்டு அறையில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. வாய் திறந்தால் இடமாற்றம் வரும் என்ற அச்சமும், கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்தவர் கேள்வி கேட்கக் கூடாது என்ற எண்ணமும் நம்மை அடக்கிவிடுகின்றன. ஆனால் 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, முடிவெடுக்கும் அதிகாரத்தைத் தலைவர்களிடமே விட்டுவைத்தாலும், உறுப்பினர்கள் சொல்வதை அவர்கள் மனமுவந்து கேட்க வேண்டும் என்று 618-ஆம் சட்டத்தில் பணிக்கிறது. எந்த உறுப்பினரும் தம் விருப்பங்களையும் ஆலோசனைகளையும் பொதுப் பேரவைக்கு, அதாவது சபையின் பேராளர்கள் கூடி முடிவெடுக்கும் சாப்டருக்கு, தடையின்றி அனுப்பலாம் என்று 631-ஆம் சட்டத்தின் மூன்றாம் பிரிவு கூறுகிறது. பயிற்சியில் இருக்கும் நவதுறவிகளுக்கு இந்த வரியைப் படித்துக் காட்டாமல் கீழ்ப்படிதலை மட்டும் கற்பிப்பது பாதிப் பாடம்தான்.

எழுதுவதற்கு முன், உங்கள் மனக்குறை எந்த ஏட்டில் வேரூன்றியிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். சபையின் அமைப்புச் சட்டத்தில் இருந்தால், பேரவையின் வாக்கு மட்டும் போதாது. திருப்பீட உரிமை பெற்ற சபையானால் திருப்பீடமும் (உரோமைத் தலைமையும்), மறைமாவட்ட உரிமை பெற்ற சபையானால் தலைமை இல்லம் அமைந்துள்ள மறைமாவட்டத்தின் ஆயரும் ஒப்புதல் தர வேண்டும். நடைமுறை விதி நூலில் இருந்தால் சபையே மாற்றிக்கொள்ளலாம். எந்த ஏட்டிலும் இல்லாத வெறும் பழக்கமானால், சபையின் ஒரு பகுதிக்குப் பொறுப்பான மறைமாநிலத் தலைவி தம் ஆலோசனைக் குழுவோடு கூடி ஒரே சுற்றறிக்கையில் அதைத் திருத்திவிட முடியும். அதற்காக அடுத்த பேரவை வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை.

பேரவைக்குத்தான் போக வேண்டும் என்று தெளிவானால், மனக்குறையைத் தீர்மானமாக மாற்றி எழுதுங்கள். 'பணவிஷயத்தில் வெளிப்படைத்தன்மை இல்லை' என்று எழுதினால் பேரவை அதன்மீது வாக்களிக்க முடியாது. 'ஒவ்வொரு இல்லத்தின் வரவு செலவுக் கணக்கும் ஆண்டுக்கு ஒருமுறை, அந்த இல்லத்தின் எல்லா உறுப்பினர்களும் கூடியிருக்கையில் வாசிக்கப்பட வேண்டும். இதை விதி நூலின் இன்ன எண்ணில் சேர்க்க வேண்டும்' என்று எழுதினால், ஆம் அல்லது இல்லை என்று சொல்லியே ஆக வேண்டிய நிலை வரும். அதன்கீழ் காரணத்தைப் பத்து வரிக்குள் எழுதுங்கள். அந்தக் காரணம் சபை நிறுவுநரின் சொற்களிலிருந்தும் அமைப்புச் சட்டத்திலிருந்தும் எடுக்கப்பட்டதாக இருக்கட்டும், ஏனெனில் 1965-இல் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் துறவற வாழ்வின் புதுப்பித்தலைப் பற்றிப் பேசியபோது கிறிஸ்தவ வாழ்வின் ஊற்றுகளுக்கும் நிறுவுநரின் தொடக்க உணர்வுக்கும் திரும்புவதையும், மாறிய காலத்துக்கேற்பத் தகவமைத்துக்கொள்வதையும் சேர்த்தே கேட்டது. எந்தத் தலைவியின் பெயரையும் அதில் குறிப்பிடாதீர்கள்.

பேரவையில் உட்கார்ந்து வாக்களிக்கும் பேராளர்களின் தேர்தலைச் சிறு விஷயமாக நினைக்காதீர்கள். கோரிக்கை எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும், அரங்கில் எழுந்து அதற்காகப் பேச ஒருவர் இல்லையென்றால் அது கோப்பிலேயே தங்கிவிடும்.

பேரவை ஏற்றுக்கொண்ட பிறகும் ஓர் ஆபத்து உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் மரியாவின் மாசற்ற இதய சபைச் சகோதரிகள் 1967-இல் தங்கள் பேரவையிலேயே உடை, செப நேரம், ஆசிரியப் பயிற்சி ஆகியவற்றைப் பற்றிப் புதிய முடிவுகள் எடுத்தார்கள். அவர்கள் கற்பித்த பள்ளிகள் மறைமாவட்டத்தைச் சார்ந்தவை. அங்கே பேராயராக இருந்த கர்தினால் ஜேம்ஸ் மெக்கின்டயர் அந்த முடிவுகளை ஏற்கவில்லை, உரோமையும் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. 1970-இல் சுமார் முந்நூறு பேர் வார்த்தைப்பாடுகளிலிருந்து விடுபட்டுத் தனிக் குழுமம் அமைத்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் பல இன்று எத்தனையோ சபைகளில் சாதாரண நடைமுறை என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. ஆகவே உங்கள் கோரிக்கை பள்ளியையோ மருத்துவமனையையோ பங்குப் பணியையோ தொடுமானால், வாக்கெடுப்புக்கு முன்பே ஆயரோடு பேச வேண்டும் என்ற வரியையும் அதில் சேர்த்துவிடுங்கள். கார்மேல் சபையைச் சீர்திருத்திய, ஸ்பெயினின் அவிலா நகரைச் சேர்ந்த புனித தெரேசா 1562-இல் புனித யோசேப்பு மடத்தைத் திறந்தபோது நகரமே எதிர்த்தது. ஆனால் உரோமையின் ஆணைமடலும் ஆயர் அல்வாரோ தெ மென்தோசாவின் ஆதரவும் அவர் பக்கம் இருந்தன.

கேள்வி கேட்டதற்காக உங்கள்மீது எழுத்தில் ஆணை பிறப்பிக்கப்பட்டால் நாள்களை எண்ணத் தொடங்குங்கள். அதைத் திரும்பப் பெறும்படி ஆணையிட்டவரிடமே பத்து நாள்களுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். மறுக்கப்பட்டால் பதினைந்து நாள்களுக்குள் மேலதிகாரியிடம் முறையிடலாம். சபையிலிருந்து நீக்கும் ஆணையானால், திருத்தந்தை பிரான்சிஸ் 2023-இல் செய்த மாற்றத்தின்படி முறையிட முப்பது நாள்கள் உண்டு.

பாலியல் கொடுமை பற்றிய புகாருக்கு இந்தப் பாதை பொருந்தாது. அது எந்தப் பேரவைக்காகவும் ஒருநாள்கூடக் காத்திருக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவர் சிறார் என்றால், இந்தியாவில் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம்.

மற்றக் கோரிக்கைகளைக் கையெழுத்திட்டு, பேரவையின் தயாரிப்புக் குழு குறித்த நாளுக்குள் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். அனுப்பிய ரசீதையும் ஒரு நகலையும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.