இஃப், ஆண்ட், ஆர்: எக்செல் ஃபார்முலாவில் நிபந்தனை எழுதுவது எப்படி?

ஃபார்முலா பிழைச் செய்தி காட்டினால் உடனே திருத்திவிடலாம். சத்தமே இல்லாமல் தவறான விடை தரும் ஃபார்முலாதான் ஆபத்து. அதனால் நிபந்தனையைப் பொறுத்து விடை தரும் இஃப்பை எழுதுவதற்கு முன், நிபந்தனையை மட்டும் தனியாகச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு சரக்குப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். ஏ நெடுவரிசையில் பொருள், பி-யில் இருப்பு, சி-யில் குறைந்தபட்ச அளவு, டி-யில் ஆர்டர் போட்டிருந்தால் "ஆம்". விடை ஈ-யில் வர வேண்டும். (இங்கே தமிழில் உள்ள செல், ஃபங்ஷன் பெயர்களை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள்.)

படி 1: நிபந்தனை மட்டும்

ஈ2-வில்:

=பி2<சி2

கீழே இழுத்து நிரப்புங்கள். ட்ரூ (உண்மை) அல்லது ஃபால்ஸ் (பொய்) வரும். ஒரு வரிசையில் இருப்பும் குறைந்தபட்சமும் 20 என்றே இருக்கட்டும். அங்கே ஃபால்ஸ் வரும். சமமாக இருந்தாலும் வாங்க வேண்டுமென்றால் <= போடுங்கள். இந்த எல்லைக்கோட்டு வரிசையைச் சோதிக்காமல் நகராதீர்கள்.

படி 2: இஃப்

=இஃப்(பி2<சி2,"வாங்கு","போதும்")

நிபந்தனை, உண்மையானால் விடை, இல்லையென்றால் விடை: இதே வரிசைதான். மூன்றாவதை விட்டுவிட்டால் ஃபால்ஸ் என்றே தெரியும். எழுத்தெல்லாம் நேரான இரட்டை மேற்கோளுக்குள் இருக்க வேண்டும். வேறெங்கிருந்தோ ஒட்டிய வளைந்த மேற்கோள் பிழை தரும். சில கணினிகளில் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி கேட்கும். அது வட்டார அமைப்பைப் பொறுத்தது.

படி 3: இரண்டு நிபந்தனைகள்

ஏற்கெனவே ஆர்டர் போட்டதை மறுபடி வாங்கச் சொல்லக் கூடாது (<> என்றால் சமமில்லை):

=இஃப்(ஆண்ட்(பி2<சி2,டி2<>"ஆம்"),"வாங்கு","போதும்")

ஆண்ட் ஃபங்ஷனுக்கு எல்லா நிபந்தனையும் உண்மையாக வேண்டும். ஆர் ஃபங்ஷனுக்கு ஒன்று போதும். பலரும் சறுக்குவது <> குறியோடு ஆரைச் சேர்க்கும்போது. ஆர்(டி2<>"ஆம்",டி2<>"ரத்து") எப்போதுமே ட்ரூதான், ஏனென்றால் ஒரே செல் ஒரே நேரத்தில் இரண்டாகவும் இருக்க முடியாது. அங்கே ஆண்ட்தான் வேண்டும்.

கணக்குப் புத்தகத்தில் எழுதுவதுபோல 10<=பி2<=20 என்றும் எழுதாதீர்கள். எக்செல் முதல் பாதியை ட்ரூ அல்லது ஃபால்ஸ் ஆக்கி, அதை 20-உடன் ஒப்பிடும். எக்செலுக்கு எந்த எண்ணையும்விட ட்ரூவும் ஃபால்ஸும் பெரியவை. விடை எப்போதும் ஃபால்ஸ். ஆண்ட்(பி2>=10,பி2<=20) என்பதே சரி.

படி 4: காலி செல்லும் எழுத்தாக நிற்கும் எண்ணும்

பி2-வை அழித்துப் பாருங்கள். காலி செல்லை 0 என்று எடுத்துக்கொண்டு "வாங்கு" என்கிறது. அடுத்து '12 என்று, முன்னால் ஒற்றை மேற்கோளுடன் தட்டச்சு செய்யுங்கள். இப்போது 12 எழுத்தாக இருக்கிறது. எக்செலில் எழுத்து எந்த எண்ணையும்விடப் பெரியது, ஆகவே "போதும்". வேறு மென்பொருளிலிருந்து இறக்கிய பட்டியலில் இது அடிக்கடி நடக்கும், செல்லின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும் எண்ணே அதற்கு அறிகுறி. இரண்டுக்கும் ஒரே மருந்து, செல்லில் இருப்பது எண்ணா என்று இஸ்நம்பர் பார்க்கும், நாட் அந்த விடையைத் தலைகீழாக்கும்:

=இஃப்(நாட்(இஸ்நம்பர்(பி2)),"இருப்பைச் சரிபார்",இஃப்(ஆண்ட்(பி2<சி2,டி2<>"ஆம்"),"வாங்கு","போதும்"))

இஃப்புக்குள் இஃப் வைக்கும்போது வரிசை முக்கியம். முதலில் உண்மையாகும் இடத்திலேயே நின்றுவிடும். எக்செல் 64 அடுக்கு வரை அனுமதிக்கிறது. ஆனால் நான்கைத் தாண்டினாலே படிக்க முடியாது, தேடல் அட்டவணைக்கு மாறிவிடுங்கள்.

வகுத்தல் வந்தால்

ஆண்ட்(சி2<>0,பி2/சி2<0.5) பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் ஆண்ட் எல்லா நிபந்தனைகளையும் கணக்கிட்டுவிடும், சி2 பூஜ்ஜியமானால் பிழைதான். இஃப் தேவையான கிளையை மட்டுமே கணக்கிடும்:

=இஃப்(சி2=0,"அளவு இல்லை",இஃப்(பி2/சி2<0.5,"அவசரம்","போதும்"))

இதற்கு, பிழை வந்தால் அதற்குப் பதில் வேறு விடை காட்டும் இஃப்எரர் போட்டு மூடிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம், அது பூஜ்ஜியப் பிழையோடு, ஃபங்ஷன் பெயரைத் தப்பாக எழுதிய பிழையையும் சேர்த்தே மறைத்துவிடும்.