தெருப் படங்கள்: எங்கே சொதப்புகிறோம்?

வார இறுதியில் கேமராவைத் தூக்கிக்கொண்டு பெருநகரத் தெருக்களில் சுற்றுபவர்களின் படங்களைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். ஆள் இருப்பார், தெரு இருக்கும், வெளிச்சம்கூட மோசமாக இருக்காது. ஆனாலும் படத்தில் பார்க்க ஒன்றும் இருக்காது. பழி கேமராவின் மேல் விழும். புது லென்ஸ் வரும், படங்கள் மட்டும் அப்படியே இருக்கும். எனக்குத் தெரிந்து பெரும்பாலான தவறுகள் ஷட்டரை அழுத்தும் முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன: எங்கே நிற்கிறோம், எவ்வளவு தள்ளி நிற்கிறோம், யார் பக்கம் கேமராவைத் திருப்புகிறோம் என்பதில். மிச்சம் வீட்டுக்கு வந்து படங்களைப் பொறுக்கும்போது நடக்கிறது.

தள்ளி நின்று எடுப்பது

கூச்சம்தான் இதன் வேர். முன்பின் தெரியாதவரை நெருங்கிப் படமெடுக்க யாருக்கும் தயக்கம் இருக்கும். அதனால் தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் 70-200 மிமீ ஜூமை மாட்டிக்கொண்டு சாலையின் எதிர்ப்பக்கம் நின்று எடுக்கிறார்கள். முகம் கிடைக்கிறது, தெரு கிடைப்பதில்லை. தூரத்திலிருந்து எடுத்த படத்தில் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒட்டிவைத்தது போலத் தட்டையாகத் தெரியும். போதாக்குறைக்கு லென்ஸில் ஒளி நுழையும் துளையான அபெர்ச்சரையும் அகலத் திறந்து வைத்திருந்தால் பின்னணி கரைந்து, எந்த ஊர் எந்தத் தெரு என்பதே தெரியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீளமான லென்ஸோடு மறைந்து நிற்பவரைத்தான் மக்கள் சந்தேகப்படுவார்கள். சின்னக் கேமராவோடு பக்கத்திலேயே நிற்பவரைச் சுற்றுலாப் பயணி என்று விட்டுவிடுவார்கள்.

அகலமான காட்சியைப் பிடிக்கும் 28 அல்லது 35 மிமீ லென்ஸ் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் இரண்டு மூன்று மீட்டர் அருகில் போயே ஆகவேண்டும். இதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தெருப் படங்களுக்குப் பேர்போன பிரெஞ்சுக் கலைஞர் கார்ட்டியே-பிரெசோன் பெரும்பாலும் 50 மிமீயில்தான் எடுத்தார். ஒரே லென்ஸோடு பழகுவதில்தான் லாபம். கேமராவைக் கண்ணருகே கொண்டுபோகும் முன்பே ஃபிரேமுக்குள் என்னென்ன விழும் என்று தெரிந்துவிடும்.

கூச்சத்துக்கு இன்னொரு வடிவமும் உண்டு: கேமராவை இடுப்பில் வைத்துப் பார்க்காமலே தட்டுவது. எப்போதாவது குருட்டு அதிர்ஷ்டம் அடிக்கும். மற்றபடி சரிந்த கட்டடங்களும் பாதி வெட்டுப்பட்ட தலைகளும்தான் மிஞ்சும். கூச்சத்தின் மூன்றாவது வடிவம் முதுகுப் படங்கள். நடந்து போகிறவரின் முதுகில் அவ்வளவாக எதுவும் எழுதியிருப்பதில்லை.

ஆளைத் துரத்துவது

வினோதமான தொப்பி போட்ட ஒருவர் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நம் ஆள் கேமராவோடு அவர் பின்னாலேயே ஓடுவார். எட்டிப்பிடித்து எடுக்கும்போது பின்னணியில் நிறுத்திவைத்த கார்கள், பாதி பேருந்து, யாரோ ஒருவரின் முழங்கை. தொப்பி நன்றாகத்தான் இருக்கிறது, படம்தான் இல்லை.

இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் இடம், பிறகு ஆள். உயரமான கட்டடங்களுக்கு நடுவே நடைபாதையில் குறுகலாக விழும் வெயில், வெறும் சுவர், படிக்கட்டின் வளைவு, கடைக் கண்ணாடியில் தெரியும் எதிர்த்தெரு என்று மேடை போலக் கச்சிதமாக அமைந்த ஒன்றைக் கண்டால் அங்கேயே நின்றுவிட வேண்டும். பெருநகரத்தில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. கால் மணி நேரம் நின்றால் பொருத்தமான ஒருவர் தானாகவே உள்ளே நடந்து வருவார். நிற்பதில் இன்னொரு வசதி: நாம் அவர்களை நெருங்குவதில்லை, அவர்கள்தான் நம்மை நோக்கி வருகிறார்கள். கூச்சத்தில் பாதி அங்கேயே குறைந்துவிடும்.

அப்படிப்பட்ட வெயில்பட்டையில் கேமராவைத் தானியங்கி முறையில் விட்டால் அது நிழலைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும். வெயிலுக்குள் வரும் முகம் வெள்ளையடித்துப் போய்விடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்து, முகத்தில் விழும் ஒளிக்குச் சரியாக வைக்க வேண்டும். நிழல்கள் கறுத்துப்போகும். போகட்டும், வேண்டாத குப்பைகள் அந்தக் கறுப்பில் மறைவதும் நல்லதுதான்.

பின்னணியை முன்பே பார்த்து வைத்திருந்தால் இன்னொரு பெரிய தொல்லையும் தீரும். தலையிலிருந்து விளக்குக் கம்பம் முளைப்பது, இரண்டு பேர் ஒட்டிப்போய் நான்கு கால் உருவமாகத் தெரிவது, முக்கியமான கை இன்னொருவரின் கறுப்புச் சட்டைக்குள் தொலைந்துபோவது. இவற்றை வீட்டில் உட்கார்ந்து சரிசெய்ய முடியாது. தெருவில் ஓரடி இடப்பக்கம் நகர்ந்திருந்தால் முடிந்திருக்கும்.

விளம்பரப் பலகையில் வாயைப் பிளந்த முகம், அதன் கீழே நடந்து போகிறவர் என்ற வகை நகைச்சுவையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த ஜோக்கைப் பலகை எழுதியவரே பாதி சொல்லி முடித்துவிட்டார். ஒருமுறை சிரிக்கலாம்.

செட்டிங் விஷயம்

நடக்கிறவர்கள் அசையாமல் விழ ஷட்டர் வேகம் 1/250 நொடியாவது வேண்டும். சைக்கிளும் ஓட்டமும் என்றால் 1/500. அதற்காக ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன் அளவு, ஏறினால் ஏறட்டும். படத்தில் மணல் மணலாகப் புள்ளிகள் தெரிவதைப் பலர் மன்னித்துவிடுவார்கள், முகம் கலங்கியிருந்தால் மன்னிக்கமாட்டார்கள். ஆட்டோ ஐஎஸ்ஓவில் குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தைக் குறித்து வைக்கும் வசதி இப்போது பெரும்பாலான கேமராக்களில் உண்டு. ஒருமுறை வைத்துவிட்டால் மறந்துவிடலாம்.

ஆட்டோஃபோகஸ் தடுமாறுகிறது என்று புலம்புகிறவர்கள் அதை அணைத்துப் பார்க்கலாம். ஃபுல் ஃபிரேம் கேமராவில் (35 மிமீ ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 28 மிமீ லென்ஸின் அபெர்ச்சரை எஃப்/8-இல் வைத்து, மூன்று மீட்டரில் ஃபோகஸை நிறுத்தினால் சுமார் ஒன்றரை மீட்டரிலிருந்து முப்பது மீட்டருக்கும் அப்பால் வரை எல்லாம் தெளிவாகவே விழும். 35 மிமீ என்றால் அதே அளவில் ஏறக்குறைய இரண்டு மீட்டர் முதல் ஏழு மீட்டர் வரை. பகல் வெளிச்சத்தில் இது போதும், கேமரா யோசிக்கும் நேரம் மிச்சம்.

இரவில் வேறு சிக்கல். ஓசையில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் எல்ஈடி விளக்குகளின் கீழ் படத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் விழலாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன, வேகமான ஷட்டர் அந்தத் துடிப்பைத் துண்டு துண்டாகப் பதிவுசெய்கிறது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுவது சுலபமான வழி. போனில் எடுப்பவர்கள் நைட் மோடை அணைத்துவிடலாம். அது பல ஃபிரேம்களைச் சேர்த்து ஒரே படமாக்குவதால், நடந்துகொண்டிருப்பவர் ஆவி போலக் கரைந்துவிடுவார்.

ஒவ்வொரு கிளிக்குக்கும் பிறகு குனிந்து திரையைப் பார்ப்பதையும் விட்டுவிட வேண்டும். அந்த இரண்டு நொடியில்தான் அடுத்த படம் நடந்துகொண்டிருக்கும்.

யாரை எடுக்கிறோம்

பொது இடத்தில் யாரையும் எடுக்கலாம், சட்டம் அனுமதிக்கிறது என்று ஒரு வாதம் புழங்குகிறது. எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. கனடாவின் கியூபெக்கில் ஒரு கட்டடத்தின் படியில் உட்கார்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படத்தை அனுமதியில்லாமல் ஒரு இதழ் வெளியிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1998-இல் அந்தப் பெண்ணுக்கு 2,000 டாலர் இழப்பீடு உறுதியானது. நேர்மாறாக நியூயார்க்கில், புகைப்படக் கலைஞர் ஃபிலிப்-லோர்கா டிகோர்சியா டைம்ஸ் ஸ்கொயரில் வழிப்போக்கர்களை அவர்களுக்குத் தெரியாமல் எடுத்துக் கண்காட்சியில் வைத்த படங்களில் இருந்த ஒருவர் வழக்குத் தொடுத்தார். அந்தப் படம் கலை, கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்று 2006-இல் வழக்கு தள்ளுபடியானது. எடுப்பது வேறு, வெளியிடுவது வேறு, விளம்பரத்துக்கு விற்பது இன்னும் வேறு. மால், மெட்ரோ, விமான நிலையம் போன்ற இடங்களுக்குத் தனி விதிகள் இருக்கும். நாம் நிற்கும் ஊரின் நிலவரத்தைத் தெரிந்துகொண்டுதான் கிளம்ப வேண்டும்.

சட்டம் அனுமதித்தாலும் செய்யக்கூடாதவை சில உண்டு என்றே நினைக்கிறேன். நடைபாதையில் தூங்குகிறவர், போதையில் விழுந்து கிடப்பவர், அழுகிறவர் ஆகியோர் சுலபமான இலக்கு. அவர்களால் திரும்பிப் பார்த்து மறுக்க முடியாது, அதனால்தான் கூச்சப்படுகிறவர்கள் அவர்களை அதிகம் எடுக்கிறார்கள். கறுப்பு வெள்ளையாக்கி மனிதநேயம் என்று தலைப்புப் போட்டாலும் அந்தப் படம் பெரும்பாலும் எடுத்தவரின் துணிச்சலின்மையைத்தான் காட்டும். குழந்தைகள் என்றால் கூட வந்திருக்கும் பெரியவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

யாராவது கவனித்துவிட்டால் கேமராவை மறைத்துக்கொண்டு வேறெங்கோ பார்ப்பதுதான் மிக மோசமான எதிர்வினை. அது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகத் தெரியும். சின்னதாகச் சிரித்துத் தலையசைத்தால் போதும். "ஏன் எடுத்தீங்க?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லலாம்: "வெளிச்சம் உங்க மேல அழகா விழுந்துதுங்க." படத்தைக் காட்டலாம். அழிக்கச் சொன்னால் அவர் கண்முன்னே அழித்துவிடலாம். ஒரு படத்துக்காகத் தெருவில் சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

வீட்டில் நடக்கும் தவறு

எடுத்த அன்று இரவே வெளியிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அந்தப் படத்துக்காக எவ்வளவு நேரம் நின்றோம், எப்படிப் படபடத்தோம் என்பதெல்லாம் அன்று நமக்கு ஞாபகம் இருக்கும். பார்ப்பவருக்கு அது எதுவும் தெரியாது, ஃபிரேமுக்குள் இருப்பது மட்டும்தான் தெரியும். அமெரிக்கத் தெருப் படக் கலைஞர் கேரி வினோகிராண்ட் தான் எடுத்த ஃபிலிம் ரோல்களை ஒரு வருடம், அதற்கும் மேல்கூட டெவலப் செய்யாமல் வைத்திருப்பார், எடுத்தபோது இருந்த உணர்ச்சி தேர்வில் குறுக்கிடக்கூடாது என்று. அதையும் ஒரேயடியாகப் பின்பற்ற வேண்டாம். 1984-இல் அவர் இறந்தபோது சுமார் 2,500 ரோல்கள் டெவலப் ஆகாமலே கிடந்தன. நமக்கு இரண்டு மூன்று வாரம் போதும்.

எடுத்ததில் தேறுகிறவை கொஞ்சம்தான் என்றாலும் மலைக்க வேண்டாம். புகைப்படக் கலைஞர் ராபர்ட் ஃபிராங்க் 1955 முதல் அமெரிக்காவைச் சுற்றி 767 ரோல்கள் எடுத்தார், அதாவது 27,000-க்கும் மேற்பட்ட ஃபிரேம்கள். அவற்றிலிருந்து உருவான 'தி அமெரிக்கன்ஸ்' புத்தகத்தில் இடம்பிடித்தவை 83. ஒரே காட்சியின் பன்னிரண்டு படங்களையும் வரிசையாகப் போடுகிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

தேறாத படத்தைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பார்ப்பது பலருக்குக் கைவந்த கலை. ஒளியும் வடிவமும் படத்தைத் தாங்கினால் மாற்றலாம். நிறம் உறுத்துகிறது என்பதற்காக மட்டும் என்றால், அந்தப் படம் கறுப்பு வெள்ளையிலும் சுமார்தான். புகைப்படக் கலைஞர் சோல் லைட்டர் 1940-களின் இறுதியிலிருந்தே நியூயார்க் தெருக்களை வண்ண ஃபிலிமில் எடுத்துக்கொண்டிருந்தார். மழைத்தண்ணீர் வழியும் கண்ணாடிக்குப் பின்னால் மங்கலாக ஒரு சிவப்புக் குடை தெரிந்தால், அங்கே சிவப்புதான் படம். எந்த வகைப் படம் என்பதை எடுக்கும்போதே முடிவுசெய்துவிடுவது நல்லது. சென்சார் பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாக எடுத்துக்கொண்டு கேமராத் திரையை மட்டும் கறுப்பு வெள்ளையில் வைத்தால் நிழலும் வெளிச்சமும் எப்படி விழும் என்று அங்கேயே தெரிந்துவிடும், வண்ணமும் பத்திரமாக இருக்கும்.