ஜோகன்னஸ்பர்க்கில் நேர்காணலா? போவதற்கு முன் இதைப் படியுங்கள்

ஊரில் எத்தனையோ நேர்காணல் பார்த்தவர்கள்கூட இங்கே முதல் நேர்காணலில் தடுமாறுகிறார்கள். ஆங்கிலத்தைக் குறை சொல்வதற்கில்லை. கேள்விகளும் பெரும்பாலும் பழகிய கேள்விகள்தான். ஆனால் ஊரில் உங்களுக்கு என்ன தெரியும் என்று சோதிப்பார்கள். இங்கே நீங்கள் என்ன செய்தீர்கள் என்று தோண்டுவார்கள். அலுவலகத்தில் ஆள் எடுக்கும்போது மேசைக்கு அந்தப் பக்கம் நானும் உட்கார்ந்திருக்கிறேன். நம் ஆட்கள் நன்றாக வேலை செய்தவர்களாக இருந்தும் சொல்லத் தெரியாமல் வாய்ப்பை விடுவதைப் பார்த்ததால் இதை எழுதுகிறேன்.

முதல் கேள்வி நேர்காணலுக்கு முன்பே, ஏஜென்சிக்காரர் போனில் பேசும்போதே வந்துவிடும்: தென்னாப்பிரிக்காவில் வேலை செய்ய அனுமதி இருக்கிறதா? இதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். 2002ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டப்படி, அனுமதி இல்லாதவரைத் தெரிந்தே வேலைக்கு வைத்தால் நிறுவனமும் குற்றவாளி. அதனால் கேட்டே ஆக வேண்டும். நீங்களும் சுற்றி வளைக்காமல் எந்த வகை விசா, எப்போது முடிகிறது, அதில் என்ன நிபந்தனை எழுதியிருக்கிறது என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். நாட்டில் ஆள் பற்றாக்குறையுள்ள திறன்களுக்குத் தரும் கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் விசாவில் இப்போதைய நிறுவனத்தின் பெயர் அச்சாகியிருந்தால், மாறுவதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதை அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள். இந்தியாவிலுள்ள கம்பெனி இங்குள்ள கிளைக்கு மாற்றி அனுப்பி வந்தவர்கள் கொஞ்சம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அந்த விசா அதிகபட்சம் 4 ஆண்டுகள்தான், நீட்டிப்பு கிடையாது, அதை வைத்துக்கொண்டு வேறு நிறுவனத்தில் சேரவும் முடியாது.

கணவனோடு அல்லது மனைவியோடு துணையாக வந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலை விசாவில் இருப்பவரின் துணைவர் என்ற முறையில் கிடைத்த விசா இங்கே தங்குவதற்குத்தான். வேலை பார்க்க உங்கள் பெயரில் தனி விசா வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் யாராவது “அதெல்லாம் பார்த்துக்கலாம்” என்றால் நம்பாதீர்கள். அதே போல, வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடமிருந்து விலகிவிடுங்கள். வேலை தேடுபவரிடம் வேலைக்காகப் பணம் வாங்குவதை இந்நாட்டுச் சட்டம் தடுக்கிறது.

விண்ணப்பப் படிவத்தில் இனம் என்று ஒரு கட்டம் இருக்கும். ஆப்பிரிக்கர், கலர்ட் (கலப்பினத்தவர்), இந்தியர், வெள்ளையர் என்று வரிசையாகப் பார்த்ததும் நம் கை இந்தியருக்குப் போகும். கொஞ்சம் நிதானியுங்கள். 1998ஆம் ஆண்டின் எம்ப்ளாய்மெண்ட் ஈக்விட்டி (வேலைவாய்ப்புச் சமத்துவ) சட்டம் முன்னுரிமை தருவது இந்நாட்டுக் குடிமக்களுக்கு, அதாவது டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க் பக்கமுள்ள லெனேசியாவிலும் தலைமுறைகளாக வாழும் இந்திய வம்சாவளியினர் போன்றவர்களுக்கு. 1994 ஏப்ரல் 27க்குப் பிறகு குடியுரிமை பெற்றவர்கள்கூடப் பொதுவாக அந்தக் கணக்கில் வருவதில்லை. நேற்று வந்த நமக்கு வெளிநாட்டவர் என்று தனிக் கட்டம் இருக்கும். அதில்தான் டிக் போட வேண்டும். பின்னால் கண்டுபிடித்துக் கேட்டால் பதில் சொல்வது சங்கடம்.

சரி, உள்ளே போவோம். “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றதும் பிறந்த ஊர், அப்பா என்ன வேலை, பத்தாம் வகுப்பு மார்க், கல்யாணம் ஆகிவிட்டது, ஒரு குழந்தை என்று பயோடேட்டாவை ஒப்பிக்கத் தோன்றும். அது எதுவும் வேண்டாம். இப்போது என்ன வேலையில் இருக்கிறீர்கள், அதற்கு முன் எங்கே, இந்த வேலைக்கு ஏன் வந்திருக்கிறீர்கள் என்பதை ஒன்றரை நிமிடத்துக்குள் சொன்னால் போதும்.

அடுத்து வருவதுதான் நேர்காணலின் உயிர். “ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்” என்று ஆரம்பிக்கும் கேள்விகள். நெருக்கடியில் வேலை முடித்த சந்தர்ப்பம், சக ஊழியரோடு கருத்து வேறுபட்ட சந்தர்ப்பம், வாடிக்கையாளர் கோபப்பட்ட சந்தர்ப்பம், நீங்கள் தவறு செய்த சந்தர்ப்பம். நம் ஆட்கள் வழுக்குவது இங்கேதான். கணக்கர் வேலைக்கு வருகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். நெருக்கடி பற்றிய கேள்விக்கு அவர் சொல்கிறார்: “மாதக் கடைசியில் எங்கள் டீமுக்கு எப்போதுமே நெருக்கடிதான். நாங்கள் எல்லோரும் ராப்பகலாக உழைத்து நேரத்துக்கு முடித்துவிடுவோம்.”

பணிவான பதில்தான். ஆனால் கேட்பவர் பேனாவை மூடி வைத்துவிடுவார், எழுதிக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. “அதில் உங்கள் பங்கு என்ன?” என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பார். அதற்கும் “நாங்கள்” என்றே பதில் வந்தால் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அதே ஆள் இப்படிச் சொல்லியிருக்கலாம்:

“திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பார்த்தேன். அங்கே ஜிஎஸ்டி என்பது இங்குள்ள வாட் மாதிரி. சப்ளையர் தன் ரிட்டர்னில் பில்லைக் காட்டினால்தான் நாங்கள் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியும். ஒரு மாதம் தாக்கல் செய்ய மூன்று நாள் இருக்கும்போது, ஒரு சாயப்பட்டறையின் பில்கள் பட்டியலில் இல்லை என்று கவனித்தேன். பில் வாரியாக எழுதிக்கொண்டு அவர்கள் கணக்கரை நேரில் போய்ப் பார்த்தேன். எங்கள் வரி எண்ணில் ஓர் எழுத்து மாறி ஏறியிருந்தது. திருத்தினாலும் அடுத்த மாதம்தான் வரும் என்பதால், இந்த மாதம் அந்தத் தொகையைக் கழிக்க வேண்டாம் என்று மேலாளரிடம் சொன்னேன். கையிருப்பில் எவ்வளவு குறையும் என்பதையும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் முழுத் தொகையும் கிடைத்தது. அதன் பிறகு பட்டியல் வரும் 14ஆம் தேதியே சரிபார்க்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தேன்.”

இதில் உலக சாதனை ஒன்றும் இல்லை. ஆனால் யார் கவனித்தது, யார் போனது, யார் முடிவு சொன்னது என்று ஒவ்வொன்றிலும் “நான்” இருக்கிறது. நம் ஊரில் இப்படிப் பேசினால் தற்பெருமை என்பார்கள். இங்கே அப்படி யாரும் நினைப்பதில்லை. ஜிஎஸ்டியை வாட்டோடு சேர்த்துச் சொன்னதையும் கவனியுங்கள். எதிரில் இருப்பவருக்கு இந்திய வரி முறை தெரிந்திருக்க நியாயமில்லை. இங்கே வாட் 15 சதவீதம், பல நிறுவனங்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சார்ஸ் எனப்படும் வரித்துறைக்குக் கணக்குக் காட்டுகின்றன என்று படித்துக்கொண்டு போனால் பேச்சு சுலபமாக நகரும். லட்சம், கோடி வேண்டாம், மில்லியனில் சொல்லுங்கள்.

இந்த மாதிரி ஐந்தாறு சம்பவங்களை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றையே கேள்விக்கு ஏற்பத் திருப்பிச் சொல்லலாம். மேலே உள்ளது நெருக்கடிக்கும் பொருந்தும், மேலாளருக்குப் பிடிக்காததைச் சொன்ன சந்தர்ப்பத்துக்கும் பொருந்தும். வரிக்கு வரி மனப்பாடம் செய்யாதீர்கள். “மேலாளர் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்திருப்பீர்கள்?” என்று நடுவில் புகுந்து கேட்பார்கள், மனப்பாடம் அங்கேயே அறுந்துவிடும். “எனக்கு யாரோடும் சண்டையே வந்ததில்லை” என்ற பதிலையும் ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். யாரும் நம்புவதில்லை.

குறை என்ன என்று கேட்டால் “நான் அளவுக்கு மீறி உழைப்பேன்” என்பது உலகம் முழுக்கச் சலித்துப்போன பதில். உண்மையான சின்னக் குறை ஒன்றையும், அதைச் சமாளிக்க என்ன செய்கிறீர்கள் என்பதையும் சொன்னால் முடிந்தது. ஏன் பழைய வேலையை விட்டீர்கள் என்பதற்கு முன்னாள் முதலாளியைத் திட்டாதீர்கள். ஆட்குறைப்பில் போயிருந்தால் அப்படியே சொல்லலாம். தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 189ஆம் பிரிவு என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பல பின்னணியைச் சேர்ந்தவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா என்ற கேள்வி கிட்டத்தட்ட நிச்சயம். 12 அதிகாரபூர்வ மொழிகள் உள்ள நாடு, இனப்பாகுபாட்டு ஆட்சி முடிந்து அதிகக் காலம் ஆகாத நாடு. “நான் எல்லோரையும் சமமாகத்தான் பார்ப்பேன்” என்று தத்துவம் பேசாமல் இங்கும் ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். எதிரில் கோவேந்தர், பிள்ளை, மூட்லி என்று பெயர் போட்ட ஒருவர் இருந்தால் உடனே தமிழில் ஆரம்பிக்க வேண்டாம். அவர் முன்னோர் 1860க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களாக இருக்கலாம். வீட்டில் காவடி எடுப்பார்கள், ஆனால் தமிழ் பேச வராது. “சொந்த ஊர் எது?” என்று கேட்டுச் சலுகை எதிர்பார்ப்பது இரண்டு பேருக்கும் சங்கடம்.

சம்பளப் பேச்சில் நிதானம் வேண்டும். இங்கே “காஸ்ட் டு கம்பெனி” என்று ஒரு மொத்தத் தொகை சொல்வார்கள். வரி, யுஐஎஃப் எனப்படும் வேலையிழப்புக் காப்பீட்டு நிதி, ஓய்வூதிய நிதி, மெடிக்கல் எய்ட் எனப்படும் மருத்துவக் காப்பு எல்லாம் அதிலிருந்தே போகலாம். டிசம்பரில் வரும் பதின்மூன்றாவது சம்பளம் அதற்குள் அடங்கியதா, தனியா என்றும் கேளுங்கள். ரூபாயில் பெருக்கிப் பார்த்து மகிழ்ந்துவிடாமல், வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், கார் தவணை மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு ஒரு வரம்பாகச் சொல்லுங்கள். கார் என்றதும் ஞாபகம் வருகிறது: “சொந்த வாகனம் உண்டா?” என்றும் கேட்பார்கள். எப்போது வந்து சேர முடியும் என்பதற்கு ஊர் வழக்கப்படி மூன்று மாதம் என்றால் பயந்துவிடுவார்கள். இங்கே ஓராண்டு வேலை பார்த்தவருக்குச் சட்டம் சொல்லும் நோட்டீஸ் நான்கு வாரம்தான்; உங்கள் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

பெண்களிடம் குழந்தை பெற்றுக்கொள்ளும் திட்டம் உண்டா என்று யாராவது கேட்டால், அதை வைத்துப் பாகுபாடு காட்டுவது சட்டப்படி தவறு. நீங்கள் விவரம் சொல்லத் தேவையில்லை. “வேலை நேரத்துக்கு என்னால் வர முடியும்” என்று சிரித்துக்கொண்டே நிறுத்திவிடலாம்.

நேரில் போவதாக இருந்தால் அரை மணி முன்னதாகப் போங்கள். மிட்ராண்ட், பிரையன்ஸ்டன் பக்கமுள்ள அலுவலக வளாகங்களில் வாசல் தடுப்பிலேயே நிறுத்தி அடையாளம் கேட்பார்கள், காரின் லைசென்ஸ் டிஸ்க்கையும் ஸ்கேன் செய்வார்கள். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். காவலரிலிருந்து வரவேற்பறைப் பெண் வரை எல்லோரிடமும் முதலில் நலம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும், இங்கே அதுதான் மரியாதை. உள்ளே போனதும் “சார், மேடம்” குறையட்டும். அவர்கள் பெயர் சொல்லி அறிமுகமானால் நீங்களும் பெயரையே சொல்லுங்கள்.

கடைசியில் “எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா?” என்பார்கள். இல்லை என்று எழுந்துவிடாதீர்கள். முதல் மூன்று மாதத்தில் என்னிடம் என்ன எதிர்பார்ப்பீர்கள் என்று ஒன்று கேளுங்கள். அப்புறம் விசா மாற்றத்துக்கான விண்ணப்பத்தை யார் போடுவார்கள், செலவு யாருடையது, பட்டச் சான்றிதழுக்கு சாக்வா எனப்படும் கல்வித் தகுதி ஆணையத்தின் மதிப்பீடு வேண்டுமா என்பதையும் அங்கேயே தெளிவாகக் கேட்டுவிடுங்கள். இந்தப் பதில்கள் எழுத்தில் வரும்வரை இப்போதைய வேலையில் ராஜினாமா கடிதம் கொடுக்க வேண்டாம்.