ஒரு வாஷர் குறைந்தாலும் தராசு சொல்லும்

கோத்தகிரியில் எங்கள் பட்டறையில் தேயிலை வெட்டும் கத்தரி பூட்டுகிறோம். எல்லா பாகமும் சேர்ந்ததா என்பதை எடை போட்டுத்தான் பார்க்கிறோம். முதலில், சரியாகப் பூட்டிய 20 கத்தரிகளைத் தனித்தனியே எடை போடுங்கள். அவற்றுக்குள் வரும் வித்தியாசம் உங்கள் மிகச் சிறிய பாகத்தின் எடையைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

எங்களுக்கு அங்கேதான் அடி விழுந்தது. வாஷர் 2 கிராம்தான். மழை மாதத்தில் மரக் கைப்பிடி ஈரம் குடித்து அதைவிடக் கனத்துவிடும். வாஷர் இல்லாத கத்தரி ஒன்று தோட்டம் வரை போய், இலை வெட்டும் அக்கா கையிலேயே கழன்றது. இன்றும் மனசு கேட்கவில்லை.

அப்புறம் முறையை மாற்றினோம். 0.1 கிராம் காட்டும் தராசில் வெறும் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, போல்ட், நட், வாஷர், ஸ்பிரிங் எல்லாவற்றையும் அதில் போட்டு, எடை சரியானால்தான் பூட்டுவோம். பூட்டியதும் வெறும் கிண்ணத்தை மறுபடி வையுங்கள்; பூஜ்யம் காட்ட வேண்டும். தராசு கதவோரம் வேண்டாம், காற்றில் எண் ஆடும்.